சூரன்போரிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள்

சிவகலா செய்த முதல் பிழை, கால் மணித்தியாலம் முந்திப் போனது. இரண்டு மணிக்கு வேலை என்றால் இரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கதவைத் தட்டினால் போதும், அதுவரை வெளியில் எங்கேயாவது நில்லுங்கள், நோயாளியோடு தனியே ஓர் அறையில் இருக்கவே கூடாது என்று மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் 2013 நத்தாருக்கு இரண்டு நாள் முந்திய அந்தத் திங்கட்கிழமை, சுவிஸின் சோலோதுர்ன் நகரில் மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஆரே ஆற்றுப் பாலத்தில் காற்று குடையை இரண்டு தரம் புரட்டியது. மூன்றாம் தரம் கம்பி முறிந்ததும், விதியாவது ஒன்றாவது என்று அவள் பெண்கள் டொக்டரின் படிகளில் ஏறிவிட்டாள். வரவேற்பில் இருந்த பெண்ணோ நல்லது செய்வதாக நினைத்து, "உங்கள் ஆள் உள்ளேதான் இருக்கிறார்" என்று சிரித்தபடி அவளைச் சின்னக் காத்திருப்பு அறைக்குள் அனுப்பிவிட்டுக் கதவையும் சாத்தினாள்.

உள்ளே ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். சாம்பல் நிற ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து, மடியில் தாள்கள் வைத்த பிளாஸ்ரிக் கோப்பு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். யாழ்ப்பாணத்தார் இரண்டு பேரை உலகத்தின் எந்த மூலையில் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாலும் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவகலா ஒரு நிமிடம் தன்னை அடக்கிப் பார்த்தாள். சுவரில் இருந்த தாமரைப் படத்தைப் பார்த்தாள். குழந்தை வளர்ப்பு இதழ் ஒன்றை எடுத்துப் புரட்டி வைத்தாள். பிறகு வாய் தானாகத் திறந்தது.

"பிள்ளை எந்த ஊர்?"

"அளவெட்டி."

"அளவெட்டியில எவடம்?"

"கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலடி."

"அப்ப இஞ்சை ஆரின்ர வீட்டுக்குக் கலியாணம் கட்டி வந்தனீர்?"

பிள்ளை கொஞ்சம் தயங்கினாள். வயதுக்கு மூத்த ஒருத்தி கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும். "பீபெரிஸ்ற்றில... துஷாந்தன்ர வீடு."

"அட, இரத்தினம்மாக்காவின்ர மருமகளோ! எனக்கு அவவை நல்லாத் தெரியுமே. கோயில்ல நாங்கள் ஒண்டாத்தான் சட்டி பானை கழுவுறனாங்கள்."

மூன்றே கேள்வி. பொலிஸ்காரர் இரண்டு நாள் வைத்து விசாரித்தாலும் இவ்வளவு சுத்தமாக ஓர் ஆளின் விலாசத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். சிவகலாவுக்கு வழக்கமாக வரும் சின்னப் பெருமிதம் வந்தது. அது போவதற்குள், எதிரே இருந்த முகம் வெளிறிப்போனதை அவள் கண்டாள். பிள்ளையின் கை கோப்பை இன்னும் இறுக்கியது. அவள் வாசல் கதவைப் பார்த்தாள், தன் சப்பாத்தைப் பார்த்தாள், அதற்குப் பிறகு சிவகலாவைப் பார்க்கவே இல்லை. என்ன விசயமாக அழைத்திருக்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பு நிலையம் அனுப்பிய செய்தியில் 'ஆலோசனை, பெண்கள் மருத்துவம்' என்று மட்டும்தான் இருந்தது. பிள்ளைப்பேற்றுப் பரிசோதனையாக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு, இப்போதுதான் அது வேறு ஏதோ என்று பட்டது.

சிவகலாவுக்கு நாற்பத்துநான்கு வயது. விடியப்புறம் கிரென்ஹெனில் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. கிழமையில் இரண்டு மூன்று நாள் பின்னேரங்களில் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பாளருக்கு நான்கு விதி. சொன்னது எல்லாவற்றையும் சொல்லவேண்டும். கூட்டக் குறைக்கக் கூடாது. கேட்டதை வெளியே விடக் கூடாது. நான்காவதுதான் பழகக் கடினம்: நோயாளி பேசும்போது 'நான்' என்றே பேசவேண்டும். 'இவர் சொல்கிறார்' என்று தொடங்கவே கூடாது. அதனால் சிவகலா எத்தனையோ பேராக இருந்திருக்கிறாள். "எனக்குப் புரொஸ்டேட் வீங்கியிருக்கிறது" என்று முகம் மாறாமல் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லியிருக்கிறாள். "என் மகனை நான் ஒரு நாளும் அடித்ததில்லை" என்று பள்ளிக்கூடத்தில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். இதற்கு மறுபக்கமும் உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கு ஏதாவது சொல்ல இருந்தால் 'நான்' அவளுக்குக் கிடையாது. 'மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார்' என்று, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்லவேண்டும். முதலில் அவளுக்கு அது பைத்தியக்கார வேலையாகத் தெரிந்தது. இந்த ஆறு வருடத்தில் பழகிவிட்டது.

டொக்டர் ஃப்ளூரி ஐம்பது கடந்த, மெலிந்த பெண். மூக்குக்கண்ணாடி நுனியில் நிற்கும். ஸ்கேன் செய்யும் இயந்திரம் மூலையில் இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம், முதலில் கதைப்போம் என்றார். முதல் வசனத்திலேயே சிவகலாவுக்கு விசயம் வெளித்துவிட்டது.

"இந்தக் கர்ப்பம் தொடரவேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அது சரிதானா, பிரசாந்தினி?"

சிவகலா தமிழில் சொன்னாள். காத்திருப்பு அறையில் 'நீர்' என்று சொன்ன வாய் இப்போது 'நீங்கள்' என்றது. பிரசாந்தினி தலையை ஆட்டினாள். தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அந்தமட்டில் நிம்மதி என்று சிவகலா நினைத்துக்கொண்டாள். ஏனென்றால் அந்த வசனத்தை 'நான்' போட்டுத் தன் வாயால் சொல்ல அவளால் முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

சிவகலா பிள்ளைக்காகப் பதினொரு வருடம் கந்தசஷ்டி விரதம் இருந்தவள். ஆறு நாளும் ஒரு மிடறு பாலும் பழமும். முதியோர் இல்லத்தில் ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டே இருந்த விரதம் அது. இடையில் இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளின் ஊசி, மருந்து, ஆய்வுகூடம் எல்லாம் பார்த்தாயிற்று. பன்னிரண்டாம் வருடம் மிதுன் பிறந்தான். முருகன் தந்தானோ மருந்து தந்ததோ, அவள் இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்காமல் இன்றைக்கும் ஆறு நாள் விரதம் இருக்கிறாள். அப்படிப்பட்ட ஒருத்தியைக் கொண்டுவந்து இந்தக் கதிரையில் இருத்தினால் எப்படி? முருகா, உனக்கு வேறு விளையாட்டு இல்லையா என்று அவள் மனதுக்குள் கேட்டாள்.

டொக்டர் நிதானமாக விளக்கிக்கொண்டு போனார். முதல் பன்னிரண்டு கிழமைக்குள் முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கு. ஆனால் குளிசையால் செய்வதற்கு எல்லை அதைவிடக் குறுகியது. விதிப்படி ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து எண்ணவேண்டும். குளிசையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது. டொக்டரின் கண் முன்னால்தான் விழுங்கவேண்டும். நாற்பத்தொன்பது நாள் தாண்டினால் ஆஸ்பத்திரி, மயக்க மருந்து, சின்னச் சத்திரசிகிச்சை.

"உங்களுக்குக் கடைசியாக எப்போது வந்தது?"

பிரசாந்தினி திகதி சொல்லவில்லை. "சூரன்போர் அண்டைக்கு விடியவே வந்திட்டுது. அதால கோயிலுக்குப் போகேலாமப் போச்சு" என்றாள்.

நம் பெண்கள் நாள் எண்ணுகிற விதம் அது. எந்தத் திருவிழாவுக்குப் போகாமல் வீட்டில் நின்றோம் என்பது எந்த நாட்குறிப்பையும்விடப் பிசகாமல் நினைவில் நிற்கும். சிவகலாவுக்கும் அந்த நாள் நன்றாகத் தெரியும். விரதத்தின் ஆறாம் நாள். அட்லிஸ்வில் முருகன் கோயிலில் சூரனின் தலை மாறி மாறி விழுவதைத் தலைச்சுற்றலோடு பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். பக்கத்தில் இரத்தினம்மாக்கா நின்று, "மருமகளுக்கு வரேலாது" என்று சொன்னதும் இப்போது ஞாபகம் வந்தது. "நவம்பர் எட்டாம் திகதி" என்று அவள் டொச்சில் சொன்னாள். டொக்டர் புருவத்தை உயர்த்தி, "இவ்வளவு உறுதியாகச் சொல்பவர்கள் குறைவு" என்று குறித்துக்கொண்டார். சிவகலா விரல் மடிக்காமலே எண்ணிவிட்டாள். நாற்பத்தைந்து நாள்.

டொக்டரும் எண்ணினார். "சரியான நேரம்தான். ஆனால் ஒன்று, நாளை தொடங்கி ஜனவரி ஆறுவரை இங்கே விடுமுறை. குளிசை என்றால் இன்றைக்குத்தான். நீங்கள் இன்றைக்கு உறுதியாக இருக்கிறீர்களா?"

சிவகலா அதைத் தமிழில் சொன்னாள். பிரசாந்தினி டொக்டரைப் பார்க்கவில்லை. சிவகலாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் தன் பெயர் எப்படி உருளப்போகிறது என்பது முழுதாக இருந்தது.

"நான் யோசிக்கோணும்" என்றாள்.

சிவகலா ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். டொக்டர் பேனையை மூடி மேசையில் வைத்தார். முகத்தில் கோபமில்லை. "நிச்சயமாக. யாரும் உங்களை அவசரப்படுத்தவில்லை. ஜனவரியில் வாருங்கள், அப்போது முடிவு இதுவேயானால் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன்." 'ஆஸ்பத்திரி' என்ற சொல்லைக் கேட்டதும் பிரசாந்தினியின் கண் நிறைந்தது. மயக்க மருந்து, ஒரு நாள் வீட்டில் இல்லாமல் போவது, மாமியாரின் கேள்வி. ஆஸ்பத்திரி என்ற வழி அவளுக்கு இல்லை. அவள் கோப்பை மூடி எழும்பத் தயாரானாள்.

சிவகலா செய்யவேண்டியது எதுவும் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. விதிப்படி எல்லாம் சரியாக நடந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பிள்ளை பயந்து வீட்டுக்குப் போவாள், நாள் தாண்டும், ஒருவேளை ஆவணியில் ஒரு குழந்தை பிறக்கும், கோயிலில் இரத்தினம்மாக்கா கற்கண்டு கொடுப்பாள், சிவகலாவும் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லப்போவதில்லை. சொல்லப்போனால் அவள் மனதின் ஒரு பாதி, பதினொரு வருடம் பட்டினி கிடந்த பாதி, அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தது. மற்றப் பாதிக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பிள்ளை இந்தக் கதிரைக்கு வருவதற்கு எத்தனை இரவு யோசித்திருப்பாள்? யோசனையெல்லாம் முடித்துத்தான் வந்திருந்தாள். காத்திருப்பு அறையில் மூன்று கேள்வி கேட்டு அதைக் கலைத்தது யார்?

சிவகலா பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினாள்.

"மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார்" என்றாள் டொச்சில். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மொழிபெயர்ப்பாளர் பிழை செய்துவிட்டார். நேரத்துக்கு முன்பே வந்து, காத்திருப்பு அறையில் இவருடைய குடும்பத்தை விசாரித்தார். இவருடைய மாமியாரை மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும். இவர் யோசிக்கவேண்டும் என்று சொன்னது கர்ப்பத்தைப் பற்றி அல்ல என்று மொழிபெயர்ப்பாளர் நினைக்கிறார்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சிவகலா பிரசாந்தினியின் பக்கம் திரும்பினாள். மேசைக்கு மேலே சொன்ன எதையும் நோயாளிக்குச் சொல்லாமல் விடக் கூடாது, அதுவும் விதி. விதி இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பாள்.

"பிள்ளை, நான் உம்மை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. அதை இப்ப டொக்டரிட்டைச் சொன்னனான். நீர் பயப்பிடுறது மருந்துக்கில்லை, எனக்கு எண்டும் சொன்னனான். என்ர பிழை."

டொக்டர்தான் முதலில் பேசினார். தொலைபேசியில் மொழிபெயர்க்கும் சேவை ஒன்று இருக்கிறது, எங்கோ நொஷாட்டலிலோ ஜெனீவாவிலோ இருக்கிற முகம் தெரியாத ஒருவர், பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை, இந்த அம்மா வெளியே போய்விடுவார் என்றார். அதையும் சிவகலாவே மொழிபெயர்க்கவேண்டி இருந்தது. தன்னை வெளியே அனுப்பும் வசனத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, எழுந்து, கதிரையில் தொங்கிய ஈரக் கோட்டை எடுத்தாள்.

"அக்கா, நில்லுங்கோ" என்றாள் பிரசாந்தினி. "நீங்கள் ஆருக்கும் சொல்லமாட்டீங்களோ?"

சிவகலா முதலில் அந்தக் கேள்வியை டொக்டருக்கு டொச்சில் சொன்னாள். பிறகு தமிழில், "சொன்னால் எனக்குத் தண்டனை இருக்கு, வேலையும் போகும். அதை விடும். நான் சொல்லமாட்டன், பிள்ளை" என்றாள்.

பிரசாந்தினி கோப்பைத் திரும்ப மடியில் வைத்தாள். உதட்டோரத்தில் சிரிப்புப் போன்ற ஏதோ ஒன்று வந்து போனது. "எங்கட ஆக்கள் பிழை விட்டனான் எண்டு சொல்லி நான் இண்டைக்குத்தான் கேக்கிறன். அக்காவே இருக்கட்டும்."

சிவகலா இருந்தாள். கோட்டை மடியில் வைத்திருந்ததால் பாவாடை நனைந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. டொக்டர் பேனையைத் திறந்து, "நீங்கள் காரணம் சொல்லவேண்டியதில்லை. சொல்ல விரும்பினால் கேட்க இருக்கிறேன்" என்றார். சிவகலா இத்தனை வருடத்தில் எத்தனையோ அலுவலகம் ஏறி இறங்கியவள். எந்த மேசையிலும் காரணம் கேட்காமல் விட்டதில்லை. ஏன் வந்தாய், ஏன் இங்கே, ஏன் இப்போது, அத்தாட்சி எங்கே என்றுதான் கேட்பார்கள். இது என்ன மேசை என்று அவள் வியந்தாள்.

பிரசாந்தினி சொன்னாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, மொழிபெயர்ப்பவளுக்கு இடம் விட்டுச் சொன்னாள். சிவகலா 'நான்' என்று தொடங்கினாள்.

"எனக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் பிறந்த பிறகு ஆறு மாதம் நான் பல்கனிக் கதவைத் திறக்கவில்லை. நாங்கள் ஐந்தாம் மாடி. திறந்தால் என்ன செய்வேனோ என்று எனக்குப் பயம். பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் பயம். யாருக்கும் சொல்லவில்லை. எல்லோரும் எனக்குப் பத்தியச் சரக்குக் கறியும் முட்டையும் நல்லெண்ணெயும் தந்து நன்றாகப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடியது. இப்போதுதான் இரண்டு மாதமாகக் கதவைத் திறந்து துணி காயப்போடுகிறேன். மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், எனக்கும் சிரிப்பு வருகிறது. திரும்ப அந்த ஆறு மாதத்துக்குள் போனால் நான் வெளியே வரமாட்டேன். இரண்டு பேருக்கும் தாய் இல்லாமல் போகும்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது சிவகலாவின் குரல் உடைந்தது. புரொஸ்டேட் வீங்கியபோது உடையாத குரல். அந்தச் சொற்கள் அவள் தொண்டை வழியாகத்தான் வெளியே வந்தன. வரும்போது அவளுக்குள்ளும் ஒரு கதவு திறந்தது. பிள்ளை இல்லாத பதினொரு வருடத்தின் இருட்டைத்தான் இருட்டு என்று அவள் நினைத்திருந்தாள். பிள்ளை பிறந்த வீட்டுக்குள்ளும் அதே அளவு இருட்டு இருக்கலாம் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. இவ்வளவையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, இந்தச் சின்னப் பிள்ளை, தானே தொலைபேசி எடுத்து, தெரிந்த நான்கு டொச்சுச் சொல்லில் நேரம் கேட்டு, நாள் எண்ணி, இங்கே வந்து இருக்கிறது. சிவகலாவுக்கு அவளைக் கும்பிடவேண்டும் போல இருந்தது. உண்மையாகவே கை இரண்டும் மடியில் கூடிவிட்டன. கோட்டுக்கு அடியில் இருந்ததால் யாரும் காணவில்லை.

டொக்டர் அந்த ஆறு மாதத்துக்கும் வைத்தியம் இருக்கிறது என்றார், அதற்கு வேறொருவரின் பெயர் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் பார்த்தார், அளவு நாளோடு பொருந்தியது. பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தார். நான் நெருக்கடியில் இருக்கிறேன், இந்தக் கர்ப்பத்தை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. கீழே ஒரு கோடு.

பிரசாந்தினி பேனையை வாங்கிவிட்டு நிமிர்ந்தாள். "அவர் கீழை கார்ல பிள்ளையோட இருக்கிறார். அவரின்ர கையெழுத்தும் வேணுமெண்டால் வரச்சொல்லட்டோ? முதல்ல வேண்டாமெண்டுதான் நிண்டவர். பிறகு ஒண்டும் சொல்லேல்லை, வேலைக்கு லீவு போட்டிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவர்."

சிவகலா கேட்டாள். டொக்டரின் பதில் மூன்றே சொல். அதைத் தமிழாக்க அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

"இல்லை. நீங்கள் மட்டும்."

எவ்வளவு சின்ன வசனம். சிவகலாவின் வாழ்க்கையில் அப்படியொரு வசனத்தை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பிள்ளைக்காக மருந்து செய்த காலத்தில் ஒவ்வொரு தாளிலும் கணவர் பாலேந்திரனின் கையெழுத்துக்காகக் காத்து நின்றவள் அவள். அகதி விண்ணப்பத்தில் அவர் பெயருக்குக் கீழேதான் அவள் பெயர். ஊரிலோ இந்த விசயத்துக்குப் பழைய வெள்ளைக்காரச் சட்டம் சிறை என்றது. தாயின் உயிர் போகப்போகிறது என்றால்தான் விலக்கு. அதற்காக யாரும் செய்யாமல் இருந்ததில்லை, இரகசியமாகப் போனார்கள், போன சிலர் திரும்பி வரவில்லை. இங்கேயும் சட்டம் நாள் கணக்குப் பார்க்கிறது, கண் முன்னால் விழுங்கு என்கிறது, தாளில் எழுது என்கிறது. ஆனால் எல்லாக் கணக்கும் முடிந்த இடத்தில் ஒரு கோட்டைப் போட்டு, அதன் முன்னால் ஒரு பெண்ணைத் தனியே விட்டுவிட்டு, ஓர் அரசாங்கம் முழுதும் வாய்மூடிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இது சரியா பிழையா என்று சிவகலாவுக்குத் தெரியவில்லை. மயிர்க்கூச்செறிந்தது, அதுமட்டும் தெரிந்தது.

பிரசாந்தினி தமிழில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து எழுத்தாக, பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுவதுபோல. டொக்டர் சின்னத் தட்டில் மூன்று குளிசையும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவந்தார். அவள் ஒவ்வொன்றாக விழுங்கினாள். மூன்றாவதற்குப் பிறகு தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தாள். நாளை மறுநாள் வீட்டில் எடுக்கவேண்டிய இரண்டாவது மருந்தைப் பற்றி, இரத்தப்போக்கைப் பற்றி, எந்த எண்ணுக்கு எப்போது அழைக்கவேண்டும் என்பதைப் பற்றி டொக்டர் இருபது நிமிடம் விளக்கினார். அன்று யாராவது பக்கத்தில் இருப்பார்களா என்று கேட்டார். "அவர் இருப்பார். மாமி நத்தார் லீவுக்கு மகள் வீட்டை போறா" என்றாள் பிரசாந்தினி.

அவள் போன பிறகு சிவகலா உடனே இறங்கவில்லை. வரவேற்புப் பெண்ணிடம் அனுமதி கேட்டு, அதே சின்ன அறையில், அதே தாமரைப் படத்துக்கு முன்னால் கால் மணித்தியாலம் இருந்தாள். கீழே காரில் இருக்கிறவர் அவளைக் காணக் கூடாது. விதியைக் கடைப்பிடிக்க இப்போதாவது புத்தி வந்ததே என்று தன்னையே நொந்துகொண்டாள். கார் ஒன்று புறப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் முறிந்த குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தைப்பூசம் ஜனவரி நடுவில் வந்தது. அந்தக் கிழமைதான் வாக்கெடுப்பு உறையும் வீட்டுக்குத் தபாலில் வந்திருந்தது. பிரஜாவுரிமை கிடைத்து இரண்டு வருடமாக, பாலேந்திரன்தான் இருவருடைய தாளையும் நிரப்புவார். அவர் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். இந்த முறை அவர் பேனையோடு மேசையில் இருந்தபோது, "என்ரை நான் பாத்துச் செய்யிறன்" என்று தன் உறையை எடுத்துக் கைப்பையில் வைத்துவிட்டாள். அவர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். அவளுக்கும் முழுதாக விளங்கவில்லை. உறை கைப்பையில் கற்பூரப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடியே அட்லிஸ்வில்வரை ரயிலில் வந்தது.

கோயிலில் நல்ல சனம். பூசை முடிந்து பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் வெளிநாட்டாரைக் குறைக்கிற வாக்கெடுப்புத்தான். சிவகலா சுவர்ப்பக்கம் ஒதுங்கி நின்றபோது, இரத்தினம்மாக்கா பட்டுச்சேலை சரசரக்க வந்து கையைப் பிடித்தாள். இடுப்பில் பேத்தி. பின்னால், பஞ்சாமிர்தச் சட்டியும் கரண்டியுமாகப் பிரசாந்தினி. பச்சைச் சேலை, நெற்றியில் திருநீறு. கொஞ்சம் மெலிந்திருந்தாள், மற்றப்படி நன்றாக இருந்தாள்.

"சிவகலா, இவதான் என்ர மருமகள். நீர் காணேல்லைத்தானே, வாற நேரமெல்லாம் ஏதாவது தடங்கல்." இரத்தினம்மாக்கா மூச்செடுக்காமல் தொடர்ந்தாள். "உமக்குச் சிற்றிசன் தானே? ரெண்டாவதா ஒண்டும் வருதாம். பிள்ளையை அழிக்கிறதுக்குக் கிராங்கன்காஸ மருத்துவக் காப்புறுதி இனிக் காசு குடுக்கக் கூடாதெண்டு. நல்லதுதானே? வயித்தில வாறதை அழிக்கிறவளவைக்கு நாங்கள் ஏன் கட்டோணும்? நீர் எதுக்குப் போடப்போறீர்? நீர் பிள்ளைக்குத் தவம் கிடந்தனீர், உமக்குத்தான் அருமை தெரியும்."

சிவகலாவின் கை கைப்பைக்கு மேலே இறுகியது. ஏதாவது சொன்னால் காட்டிக்கொடுத்ததாகும். ஒன்றும் சொல்லாவிட்டாலும் முகம் காட்டிக்கொடுக்கும். மற்றவர்களின் வாயாக ஆறு வருடம் பேசியவளுக்கு, தன் சொந்த வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. இரத்தினம்மாக்கா பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேத்தி எட்டிச் சிவகலாவின் தாலிக்கொடியைப் பிடித்திழுத்தது.

அப்போது பிரசாந்தினி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அக்கா எந்த ஊர்?"

சிவகலா நிமிர்ந்தாள். பிள்ளையின் முகம் அமைதியாக, புது ஆள் ஒருத்தியைப் பார்க்கும் மரியாதையோடு இருந்தது. கண் மட்டும் அசையவில்லை.

"சுழிபுரம்" என்றாள் சிவகலா.

"சுழிபுரத்தில எவடம்?"

"பறாளாய் முருகன் கோயிலடி."

"ஓ, பறாளாயோ!" என்று இரத்தினம்மாக்கா உடனே வாக்கெடுப்பை மறந்து உள்ளே நுழைந்தாள். "அங்கை எங்கட சின்னையாவின்ர பெடியன் கட்டினவன், தேரடிக்குப் பின்னால..." அந்தக் கதை இனி ஒரு பாட்டம் போகும். சிவகலா கேட்டுத் தலையாட்டியபடி வலது கையை நீட்டினாள். பிரசாந்தினி சட்டியிலிருந்து ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் எடுத்து அந்தக் கையில் வைத்தாள். ஒரு கணம் யோசித்து, இன்னொரு கரண்டியும் வைத்தாள். அது விரலிடுக்கால் வழிந்து மணிக்கட்டுவரை இறங்கியது. இடது கையில் கைப்பை. துடைக்க வழியில்லாமல், வழிவதை வழியவிட்டுக்கொண்டு சிவகலா அப்படியே நின்றாள்.